லைசென்ஸ் டிஃபென்ஸ் கவரேஜ்: கலிஃபோர்னியா டாக்டருக்கு எந்தக் கட்டத்தில் கைகொடுக்கும், எங்கே கைவிடும்

அமெரிக்காவில் மருத்துவம் பார்க்கும் ஏறக்குறைய எல்லோரிடமும் மால்பிராக்டிஸ் பாலிசி, அதாவது சிகிச்சைத் தவறு வழக்குகளுக்கான இன்ஷூரன்ஸ், இருக்கும். அதன் கடைசிப் பக்கங்களில், பெரும்பாலும் தனி இணைப்புத் தாளாக, இன்னொரு சிறிய பாதுகாப்பும் சேர்ந்து வரும். ஒரு கம்பெனி அதற்கு லைசென்ஸ் டிஃபென்ஸ் என்று பெயர் வைத்திருக்கும், இன்னொன்று அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஃபென்ஸ் என்று, வேறொன்று ரெகுலேட்டரி கவரேஜ் என்று. வேலை ஒன்றுதான். மாநில மெடிக்கல் போர்டு உங்கள் உரிமத்தின் மேல் விசாரணை தொடங்கினால் வக்கீல் செலவைக் கம்பெனி ஏற்கும். நோயாளி போடும் நஷ்டஈட்டு வழக்குக்கு 10 லட்சம் டாலர் வரை வரம்பு வைத்திருக்கும் அதே பாலிசி, இதற்கு 25,000 அல்லது 50,000 டாலர் என்று நிறுத்திக்கொள்ளும்.

இதை வாங்க வேண்டுமா என்றால், கட்டாயம் வாங்க வேண்டும். ஆனால் இரண்டு கம்பெனிகளின் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால், தொகை ஒன்றாக இருந்தும் ஒன்று உயிர்காக்கும், மற்றது வெறும் காகிதமாக நிற்கும். வித்தியாசம் பாதுகாப்பு எப்போது தொடங்குகிறது என்று சொல்லும் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள போர்டின் நடைமுறையைக் கட்டம் கட்டமாகப் பார்த்தாக வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும் என்பதால் இங்கே கலிஃபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஓர் அடிப்படை. மருத்துவ உரிமம் கொடுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1889-இலேயே டென்ட் எதிர் வெஸ்ட் வர்ஜீனியா வழக்கில் சொல்லிவிட்டது. கொடுத்த உரிமத்தை முறையான நோட்டீசும் விசாரணையும் இல்லாமல் பறிக்க முடியாது என்பதும் நிலைத்த சட்டம். அந்த விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கிரிமினல் வழக்கில் பணமில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துத் தருகிறதே, அந்த ஏற்பாடு இங்கே கிடையாது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, செலவு உங்கள் தலையில் விழுகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தக் கவரேஜ்.

புகார் வந்ததும் போர்டின் புகார்ப் பிரிவு அதைப் பார்த்து, சிகிச்சை சம்பந்தப்பட்டது என்றால் ஒரு மருத்துவ ஆலோசகரிடம் காட்டும். டாக்டருக்கு முதலில் வருவது பெரும்பாலும் ஒரு சாதாரணக் கடிதம்: இந்த நோயாளியின் ரெக்கார்டை அனுப்புங்கள், சிகிச்சையைச் சுருக்கமாக எழுதித் தாருங்கள். அதன் தொனி மென்மையாக இருக்கும். வழக்கே இல்லை, ஒரு விளக்கம்தானே என்று இரவோடு இரவாக இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மொத்த நடைமுறையிலும் அதிகச் சேதம் நடக்கும் இடம் இதுதான். அந்த இரண்டு பக்கம் பிறகு போர்டின் நிபுணர் கைக்குப் போகும். இரண்டு வருடம் கழித்து ஹியரிங்கில், அதாவது நீதிபதி முன் நடக்கும் விசாரணையில், நீங்கள் சொல்வதும் அந்தக் கடிதத்தில் எழுதியதும் ஒரு வரி முரண்பட்டால், குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கடிதத்துடன் நோயாளி கையெழுத்திட்ட சம்மதப் படிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ரெக்கார்டைக் கொடுக்க 15 நாள்தான். தக்க காரணமில்லாமல் தாமதித்தால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 1,000 டாலர் என்ற கணக்கில் அபராதம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. சம்மதம் இல்லாமல், ஆவணங்களைக் கேட்கும் சட்ட உத்தரவான சப்பீனா மட்டும் வந்திருந்தால் கதை வேறு. அங்கே நோயாளியின் அந்தரங்க உரிமை குறுக்கே நிற்கிறது. ரெக்கார்டு ஏன் தேவை என்பதற்குப் போர்டு தக்க காரணம் காட்ட வேண்டும். 2019-இல் கிரஃபிலோ எதிர் வொல்ஃப்சோன் வழக்கில் போர்டு காட்டிய காரணம் போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரெக்கார்டு கேட்ட உத்தரவையே ரத்து செய்தது. ஆகவே இரண்டு கடிதமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பதில் ஒன்றல்ல. எது எது என்று பிரித்துச் சொல்லவே ஒரு வக்கீல் தேவை, அதுவும் 15 நாளுக்குள்.

இன்னொன்றையும் இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டும். கடிதம் வந்த பிறகு சார்ட்டில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். எலக்ட்ரானிக் ரெக்கார்டில் யார், எந்த நிமிடம், எதை மாற்றினார் என்ற ஆடிட் பதிவு இருக்கும். விடுபட்ட ஒரு வரியைச் சேர்க்கப் போய், சாதாரண கவனக்குறைவு புகார் நேர்மையின்மைக் குற்றச்சாட்டாக மாறிவிடும். சிகிச்சைத் தவறுக்குக் கவரேஜ் தரும் பல பாலிசிகள் ரெக்கார்டைத் திருத்திய சந்தர்ப்பத்தில் விலகிக்கொள்ள ஒரு வரி வைத்திருக்கும்.

அடுத்தது நேர்காணல். தீவிரமான புகார்களை விசாரிக்கும் ஹெல்த் குவாலிட்டி இன்வெஸ்டிகேஷன் யூனிட்டின் விசாரணையாளர்கள் போலீஸ் அதிகாரம் பெற்றவர்கள். கூடவே ஒரு மருத்துவ ஆலோசகரும் உட்காருவார். பேச்சு ஒலிப்பதிவாகும். போகாமல் இருக்க முடியுமா? தக்க காரணமின்றி நேர்காணலைத் தவிர்த்தால் அதையே தனித் தொழில்முறைத் தவறாகக் கலிஃபோர்னியாச் சட்டம் எண்ணுகிறது. ஆனால் விவகாரத்தில் கிரிமினல் வாடை இருந்தால், எடுத்துக்காட்டாக ஓப்பியாய்டு என்னும் போதை தரும் வலி மருந்துச் சீட்டு அல்லது பில்லிங், அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் சட்டத்திருத்தம் தரும் மௌன உரிமை லைசென்ஸ் வைத்திருப்பதால் போய்விடாது. எந்தக் கேள்விக்குப் பதில், எதற்கு மௌனம் என்பதை அறைக்குள் நுழையும் முன்பே வக்கீலுடன் முடிவு செய்திருக்க வேண்டும். கேட்கப்படும் ரெக்கார்டு முழுவதையும் ஒரு முறையாவது வரிவரியாகப் படித்துவிட்டுப் போக வேண்டும். நினைவிலிருந்து பதில் சொல்வதைப் போல ஆபத்தானது வேறில்லை.

இப்போது கவரேஜின் அந்த ஒரு வரிக்கு வருவோம். சில பாலிசிகள், போர்டு முறையான ஒழுங்கு நடவடிக்கை தொடங்கிய பிறகே பாதுகாப்பு என்கின்றன. கலிஃபோர்னியாவில் அப்படியென்றால் அக்யூசேஷன் என்னும் குற்றச்சாட்டு ஆவணம் தாக்கலான பிறகு. மேலே சொன்ன கடிதம், ரெக்கார்டு, நேர்காணல் மூன்றும் அதற்கு முன்பே முடிந்துவிடும். முறையான நடவடிக்கை வரை போகாமல் புகாரை முடிக்க வாய்ப்புள்ள கட்டமும் அதுதான். அந்தக் கட்டத்துக்குப் பைசா தராத கவரேஜை வாங்கி என்ன பயன்? இன்னொரு வகைப் பாலிசி, போர்டிடமிருந்து எழுத்தில் எந்த விசாரணை அல்லது தகவல் கோரிக்கை வந்தாலும் பாதுகாப்பு தொடங்கும் என்று எழுதியிருக்கும். இதைத்தான் தேட வேண்டும். தொகை கொஞ்சம் குறைந்தாலும் இதுவே மேல்.

அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொற்றொடர்களைக் கவனியுங்கள். ஒன்று, நேரடி நோயாளிச் சிகிச்சையிலிருந்து எழுந்த நடவடிக்கை என்ற கட்டுப்பாடு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, விண்ணப்பத்தில் தவறான தகவல், ஊழியரிடம் நடந்துகொண்ட விதம் போன்றவை அதில் அடங்காது. ஆனால் போர்டு இவற்றையும் விசாரிக்கும். இரண்டாவது, கம்பெனியின் முன் அனுமதி இல்லாமல் வைத்த வக்கீலுக்குப் பணம் கிடையாது என்பது. கடிதம் வந்த அன்றே நண்பரின் நண்பரை வக்கீலாக வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கம்பெனிக்குச் சொன்னால், அந்த மாதச் செலவு உங்களுடையது. முதல் நாளே பாலிசி எண்ணுடன் எழுத்தில் தகவல் கொடுங்கள். கடிதத்தின் நகலை இணையுங்கள், கிடைத்த தேதியைக் குறிப்பிடுங்கள், ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.

வக்கீலை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் தரத்தைத் தீர்மானிக்கும். மால்பிராக்டிஸ் வழக்கு நடத்துபவர் எல்லோருக்கும் போர்டு வேலை தெரியாது. நஷ்டஈட்டு வழக்கில் முடிவது பணத்தில்; இங்கே முடிவது உரிமத்தில். கம்பெனி பட்டியலிலிருந்து ஒருவரைத் தந்தால், அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஹியரிங் எத்தனை நடத்தியிருக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். பட்டியலுக்கு வெளியே ஒருவரை வைக்க அனுமதித்து, மணிக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தரும் பாலிசி இதில் ஒரு படி மேல்.

விசாரணை தொடர்ந்தால் போர்டின் நிபுணர் அறிக்கை எழுதுவார், அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அக்யூசேஷனைத் தயாரிக்கும். தாக்கலானதும் அது போர்டின் இணையதளத்தில் உங்கள் பெயருக்குக் கீழ் யாரும் படிக்கும்படி நிற்கும். நிரூபணம் ஆகாத குற்றச்சாட்டுதான், ஆனாலும் ஆஸ்பத்திரியும் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கும் நோயாளியும் பார்ப்பார்கள். அக்யூசேஷனை உங்களிடம் நேரில் கொடுத்த அல்லது தபாலில் அனுப்பிய நாளிலிருந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் ஆஃப் டிஃபென்ஸ் என்னும் ஒற்றைத் தாளை அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் ஹியரிங் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கொண்டு, உங்களைக் கேட்காமலேயே உரிமத்தை ரத்து செய்ய முடியும். அப்படித் தீர்ப்பாகிவிட்டால் அதை நீக்கக் கோர 7 நாள்தான் உண்டு, தக்க காரணமும் காட்ட வேண்டும். கம்பெனியின் அனுமதிக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவற விடாதீர்கள். அந்தத் தாளை நீங்களே கையெழுத்திட்டு அனுப்பலாம், வக்கீல் பிறகு சேர்ந்துகொள்ளலாம். போர்டு வைத்திருக்கும் அறிக்கைகள், வாக்குமூலங்கள், சாட்சிப் பெயர்களைக் கேட்டு வாங்கும் டிஸ்கவரி கோரிக்கைக்கு அக்யூசேஷனைக் கொடுத்த அல்லது அனுப்பிய அதே நாளிலிருந்து 30 நாள்.

அடுத்து வருவது ஹியரிங். ஆஃபீஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஹியரிங்ஸ் என்ற தனி அமைப்பின் நீதிபதி கேட்பார். இங்கே கலிஃபோர்னியா டாக்டருக்கு ஒரு பெரிய வலிமை இருக்கிறது. 1982-இல் எட்டிங்கர் வழக்கில், மருத்துவரின் உரிமத்தைப் பறிக்க 51 சதவீத சாத்தியம் போதாது, தெளிவான, நம்பவைக்கும் சாட்சியம் வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. டெக்சஸ், நியூயார்க் போன்ற மாநிலங்களில் சாட்சியத் தராசு சற்றுச் சாய்ந்தாலே போதும். இந்த உயரமான அளவுகோலைப் பயன்படுத்த உங்கள் தரப்பிலும் அதே துறை நிபுணர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அவருடைய கருத்தும் விவரமும் ஹியரிங்குக்கு முன் உரிய கெடுவுக்குள் எதிர்த்தரப்புக்குப் போகாவிட்டால் அவர் சாட்சியையே ஏற்க மாட்டார்கள்.

இங்குதான் 25,000 டாலர் கரைகிறது. வக்கீலுக்கு மணிக்கு 500 டாலர் என்று வைத்துக்கொண்டால் அது 50 மணி நேரம். ரெக்கார்டு படிப்பு, எழுத்து விளக்கம், நேர்காணல் தயாரிப்பு, நேர்காணல் நாள் இவற்றுக்கே 25 மணி நேரம் போகும். மிச்சம் 25. ஐந்து நாள் ஹியரிங் என்றால், நாளுக்கு 8 மணி நேரமும் அதே அளவு தயாரிப்பும் சேர்த்து 80 மணி நேரம், அதாவது 40,000 டாலர். நிபுணர் கட்டணம் தனி. ஆக, 25,000 டாலர் கவரேஜ் விசாரணைக் கட்டத்துக்குத் தாராளம், ஹியரிங்குக்குப் பற்றாது. 50,000 டாலர் ஓரளவு முழு வழக்கையும் தொடும். அறுவை சிகிச்சை, வலி மருத்துவம், மனநலம் போன்ற புகார் எளிதில் எழும் துறைகளில் இருப்பவர் 1,00,000 டாலர் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது வீண் செலவல்ல. நிபுணர் கட்டணம் அந்த வரம்புக்குள்ளா வெளியேயா, பிரைவசி மீறல் போன்ற வேறு பாதுகாப்புகளும் அதே தொகையைப் பங்கு போடுகின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல பாலிசிகளில் எல்லாம் ஒரே பானைதான்.

நீதிபதி தருவது முன்மொழிவு மட்டுமே. போர்டின் குழு அதை ஏற்கலாம், தண்டனையைக் குறைக்கலாம், அல்லது நிராகரித்துவிட்டு ரெக்கார்டைப் படித்துத் தானே முடிவு செய்யலாம். விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒரே அமைப்பு என்ற குறை பலருக்கு உண்டு. அது மட்டுமே அரசியலமைப்புக்கு முரணாகாது என்று 1975-இல் வித்ரோ எதிர் லார்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது, எனவே அந்த வாதத்தில் காசைச் செலவழிக்க வேண்டாம். இறுதி முடிவை சுப்பீரியர் கோர்ட்டில் ரிட் மனு மூலம் எதிர்க்கலாம். மறுபரிசீலனைக்கான காலம் முடிந்ததிலிருந்து 30 நாள் கெடு. அங்கே நீதிபதி சாட்சியத்தைத் தானே சுயமாக எடைபோடுவார், இது டாக்டருக்குச் சாதகம். ஆனால் பல கவரேஜ்களில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் நடவடிக்கை என்ற சொல் கோர்ட் வாசலில் நின்றுவிடுகிறது. ரிட்டுக்கு ஹியரிங்கின் முழு டிரான்ஸ்கிரிப்ட் தேவை, அதற்கும் பணம் நீங்கள் கட்ட வேண்டும். ரிட் செலவு உள்ளே வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் வேகமானது இடைக்கால நிறுத்த உத்தரவு. நோயாளிகளுக்கு ஆபத்து என்று போர்டு மனுப் போட்டால், முழு ஹியரிங்குக்கு முன்பே நீதிபதி உரிமத்தை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ முடியும். அப்படி நிறுத்தினால் போர்டு 30 நாளுக்குள் அக்யூசேஷன் தாக்கல் செய்ய வேண்டும், நோட்டீஸ் ஆஃப் டிஃபென்ஸ் போனதிலிருந்து 30 நாளுக்குள் ஹியரிங் தொடங்க வேண்டும். ஆக, ஒரு வருடத் தயாரிப்பை ஒரு மாதத்தில் செய்ய வேண்டிவரும். கம்பெனி வக்கீலை அனுமதிக்க இரண்டு வாரம் எடுத்தால் அந்த விரைவான ஹியரிங் உரிமை கையில் இருந்தும் பயனில்லை. அவசர அனுமதிக்கு என்ன வழி என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள். கிரிமினல் கோர்ட்டில் ஜாமீன் நிபந்தனையாகவும் உரிமத்தை நிறுத்தக் கேட்க கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு போர்டுக்கு வழி தருகிறது. கிரிமினல் கோர்ட் விஷயம் என்று சொல்லி அங்கே பெரும்பாலான கவரேஜ்கள் வராது.

வராதவை இன்னும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல், தோற்ற டாக்டரிடமிருந்து விசாரணைச் செலவை வசூலிக்கும் அதிகாரம் மெடிக்கல் போர்டுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இந்தத் தொகையைக் கவரேஜ் கட்டுவது அபூர்வம். கட்டும் சக்தி, நல்லெண்ணத்துடன் எதிர்த்தாரா என்பதையெல்லாம் பார்த்துக் குறைக்க வேண்டும் என்று 2002-இல் ஸுக்கர்மேன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், ஹியரிங்கிலேயே வருமான விவரத்தை ஆதாரத்துடன் வைப்பது அவசியம். புரொபேஷன், அதாவது உரிமத்தைப் பறிக்காமல் நிபந்தனைகளோடு கண்காணிப்பில் வைப்பது, விதிக்கப்பட்டால் கண்காணிப்புக் கட்டணம், படிப்பு, சான் டியேகோவில் உள்ள பேஸ் மதிப்பீட்டுத் திட்டம் போன்றவற்றின் செலவும் டாக்டருடையதே. சமரசம் மலிவாக இருக்கிறதே என்று கையெழுத்திடும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். சமரசமானாலும் பொதுக் கண்டனக் கடிதமானாலும் டாக்டர்கள் மீதான நடவடிக்கைகளைத் திரட்டி வைக்கும் தேசிய மருத்துவர் தரவு வங்கியில் பதிவாகும். விசாரணையின் நடுவே உரிமத்தை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினாலும் பதிவாகும். ஓய்வுபெறும் வயதில் சண்டை எதற்கு என்று ஒப்படைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

மால்பிராக்டிஸ் வழக்குச் சமரசமும் இதனுடன் பின்னியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 30,000 டாலருக்கு மேற்பட்ட சமரசம் போர்டுக்குத் தெரிவிக்கப்படும், அதிலிருந்தே ஒரு விசாரணை பிறக்கலாம். நஷ்டஈட்டு வழக்கை முடிக்கக் கம்பெனி அவசரப்படும்போது, அதனால் வரும் போர்டு விசாரணைக்கும் இதே கவரேஜ் வருமா என்று எழுத்தில் கேட்டுவிட்டுச் சம்மதம் கொடுங்கள்.

வேலை மாறுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அக்யூசேஷனைப் போர்டு தனக்குத் தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள், அல்லது சம்பவம் நடந்து 7 வருடத்துக்குள், எது முந்தியதோ அதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. ஆக, இன்று பார்த்த நோயாளிக்கான கடிதம் ஐந்தாவது வருடத்தில், வேறு ஊரில், வேறு பாலிசியில் இருக்கும்போது வரலாம். பாலிசி நடப்பில் இருக்கும்போது வரும் புகாருக்கு மட்டும் பாதுகாப்பு தரும் கிளெய்ம்ஸ்-மேட் பாலிசியை விட்டு வரும்போது, பிறகு வரும் புகார்களுக்காக வாங்கும் டெயில் என்னும் நீட்டிப்பு நஷ்டஈட்டு வழக்குக்கு மட்டுமா, லைசென்ஸ் டிஃபென்சுக்கும் சேர்த்தா? பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆஸ்பத்திரி ஊழியராக இருப்பவர்கள், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வக்கீல் ஆஸ்பத்திரிக்கு வக்கீல். உங்கள் மீது புகார் அனுப்பியதே அந்த ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம். ஊழியரான டாக்டர் தனிநபர் லைசென்ஸ் டிஃபென்ஸ் பாலிசி தனியாக வாங்குவதே சரி.

எச்-1பி விசாவில் இருக்கும் நம்மூர் டாக்டர்களுக்கு நெருக்கடி இரட்டிப்பு. உரிமம் நிறுத்தப்பட்டு வேலை போனால், நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். அதற்குள் ஹியரிங்கே முடியாது. இவர்கள் லைசென்ஸ் வக்கீலையும் குடியேற்ற வக்கீலையும் ஒரே நாளில் கூப்பிட வேண்டும். குடியேற்ற வக்கீல் செலவை இந்தக் கவரேஜ் ஏற்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாநில உரிமம் வைத்திருப்பவர்கள், ஒரு மாநில நடவடிக்கையை வைத்து மற்ற மாநிலமும் தொடங்கும் வழக்குக்குப் புதிய வரம்பு கிடைக்குமா, பழைய வரம்பின் மிச்சமா என்று பாருங்கள். பெரும்பாலும் மிச்சம்தான், மிச்சம் பெரும்பாலும் பூஜ்யம்தான்.

புதுப்பிக்கும் மாதத்தில் புரோக்கருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பாதுகாப்பு தகவல் கோரிக்கையிலேயே தொடங்குகிறதா, அக்யூசேஷனிலா? வக்கீலை நான் தேர்ந்தெடுக்கலாமா? நிபுணர் கட்டணமும் ரிட் மனுவும் உள்ளே வருமா? டெயிலில் தொடருமா? பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கி, பாலிசியின் இணைப்புத் தாளோடு சேர்த்து வையுங்கள். தொலைபேசியில் ஆமாம் என்று சொன்னது எதற்கும் ஆதாரமாகாது.